கைகாட்டி இறங்கவில்லை

கோண்டாவில்
15.01.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இரத்தினவேல் எழுதுவது. நானும் இவளும் சுகம். இன்று காலை முற்றத்தில் பொங்கினோம், இந்த முறை மழை விட்டுத்தந்தது. நீங்கள் அங்கே பனிக்குள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போன கிழமை தொலைபேசியில் ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னேன். நீங்கள் மூன்று தரமும் "ஓமோம்" என்றீர்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று விளங்கிவிட்டது. அதுதான் பேனையை எடுத்தேன்.

சொன்ன விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் புது மண்டபம் எழும்புகிறது. பூட்டனார் கொடுத்த காணி என்பதால் அவருடைய பெயரையே வைப்பதாகப் பழைய மாணவர் சங்கம் தீர்மானித்திருக்கிறது. சிதம்பரியர் மண்டபம். சங்கச் செயலாளர் நான்தான். அவருடைய வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது. மலாயாவில் ரயில் எஞ்சின் ஓட்டினவர், பென்சனோடு திரும்பி வந்தவர், இதற்கு மேல் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அவருடைய கொப்பி உங்களிடம் இருக்கிறது. அதைத் தபாலில் விட எனக்கும் மனமில்லை. வாசித்து, உங்கள் கையால் எழுதி அனுப்புவீர்களா? அப்பு அதை உங்களிடம் தந்ததே உங்களுக்குத்தான் அந்தப் பழைய இங்கிலீசு எழுத்து விளங்கும் என்பதால். உடம்பைக் கவனியுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியை விடவேண்டாம்.

அன்புத் தம்பி
இரத்தினவேல்


மல்வேர்ன், ரொறன்ரோ
11.02.2023

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா குணவதி எழுதுவது. உன் கடிதம் மூன்று கிழமையில் வந்து சேர்ந்தது. நான் இருக்கிறேன். குளிருக்கு முழங்கால் இறுகுகிறதே தவிர வேறு குறையில்லை. எதிர்வீட்டு றீற்றா கடைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து வாங்கி வந்து தருகிறாள். காது முக்கால்வாசி போனது ஒரு வகையில் நிம்மதி. மேல்மாடிக்காரரின் சண்டை இப்போது எனக்கு இல்லை.

நீ கேட்டதை உடனே தொடங்கிவிட்டேன். உன் அத்தான் அன்புராசா காலமான பிறகு இந்த மேசையில் நான் செய்கிற முதல் உருப்படியான வேலை இது. கொப்பியின் மட்டையில் இன்னும் எண்ணெய்க் கறை இருக்கிறது. இடப்பக்கம் இங்கிலீசில் வேலைக் கணக்கு: எந்த எஞ்சின், எத்தனை மணிக்குத் தீ மூட்டியது, எங்கே தண்ணீர் எடுத்தது. வலப்பக்கம் தமிழில், தனக்காக எழுதினது. பெரிதாக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போகிறது.

1884இல், இருபத்திரண்டு வயதில், பினாங்கில் கப்பலால் இறங்கியிருக்கிறார். கிளார்க்கர் வேலை கிடைக்கும் என்று போனவருக்குக் கிடைத்தது எஞ்சின் துடைக்கும் வேலை. சக்கரத்துக்குக் கீழே மல்லாக்கப் படுத்துச் சாம்பலும் கிறீசும் சுரண்டுவது. "ஊருக்கு எழுதும்போது கந்தோர் வேலை என்று எழுதினேன்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று வருஷம் கழித்து விறகு போடுகிறவராக எஞ்சினுக்குள் ஏறினார். அந்தக் காலத்தில் அங்கே கரியில்லையாம், சதுப்பு மரத்தின் விறகுதான். வலது முன்கையில் மயிர் முளைக்கவே இல்லை என்று ஒரு வரி. எனக்கு அந்த வரியை விட்டுத் தாண்டப் பத்து நிமிஷம் பிடித்தது.

இத்துடன் பன்னிரண்டு தாள் வைத்திருக்கிறேன். உன் சீனி வருத்தம் எப்படி? மறக்காமல் எழுது.

அன்பு அக்கா
குணவதி


கோண்டாவில்
14.03.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தாள்கள் பத்திரமாகக் கிடைத்தன. எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, இவள் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கூடத் தருவதில்லை. உங்கள் சுகமும் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பின்னால் இருந்தவர்கள் எழும்பி முன்னுக்கு வந்து இருந்தார்கள் அக்கா. நாற்பது வருஷம் படிப்பித்தேன், ஒரு வகுப்பும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "சேர், உங்கடை பூட்டனார் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்று தலைவர் சொன்னார். அவர் எஞ்சின் ஓட்டின காலத்தைக் கெதியாக அனுப்புங்கள். துணிச்சலான சம்பவம் ஏதாவது இருந்தால் முதலில் அதை எழுதுங்கள்.

அன்புத் தம்பி
இரத்தினவேல்


மல்வேர்ன்
16.04.2023

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகமும் அறிந்தேன். பனி உருகித் தரை தெரிகிறது.

1891 ஆவணியில் இப்படி எழுதுகிறார்: "இன்று ஒன்பதாம் நம்பர் எஞ்சின் என் கைக்கு வந்தது. ஓட்டினேன். யாருக்கும் சொல்ல ஆள் இல்லை." வெள்ளைக்கார டிறைவர்கள் இளைப்பாறுகிற அறையில் இவரை இருக்க விடவில்லை. எஞ்சின் படியில் இருந்தே தேத்தண்ணி குடித்திருக்கிறார். ஆனால் நேரம் தவறாதவர் என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த துண்டு கொப்பியில் ஒட்டியிருக்கிறது.

துணிச்சல் என்று நீ கேட்டாய். மழைக்காலத்தில் ஏற்றத்தில் சக்கரம் வழுக்குமாம். விறகு போடுகிறவன் இறங்கித் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டு முன்னே நடக்க, இவர் அவன் காலைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். நீர்க்கண்ணாடி என்று ஒன்று இருந்ததாம், கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது. தண்ணீர் இறங்கினால் கலன் வெடிக்கும். ஒரு கண் கண்ணாடியில், ஒரு கண் பாதையில். "இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கடவுள் கண் வைக்கவில்லை" என்கிறார். இதெல்லாம் துணிச்சல் இல்லையா?

இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. வெயிலுக்குள் அலையாதே.

அன்பு அக்கா
குணவதி


மல்வேர்ன்
28.05.2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் கடைசித் தாளில் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. 1926இல், ஊருக்கு வந்து இருக்கும்போது எழுதியது. அறுபத்து நாலு வயது. எழுத்து நடுங்குகிறது, ஆனால் அதே கையெழுத்துத்தான். கைகாட்டி என்பது ரயிலுக்குச் சைகை காட்டும் மரக்கை; அது இறங்கினால் போகலாம், நீட்டி நின்றால் நிறுத்தவேண்டும். ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்:

"1897 ஐப்பசி. பின்னேரம் நாலரை. மழை. நீர்க்கண்ணாடியைப் பார்த்துக் குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது கைகாட்டி நீட்டியபடி நின்றது. இறங்கவில்லை. பிரேக் பிடித்தேன், போதவில்லை. முன்னால் தண்டவாளத்தில் நின்ற கல் வண்டியில் மோதினேன், அதில் ஒன்பது கூலிகள் நின்றார்கள். மூன்று பேர் செத்தார்கள். விசாரணையில் துரை என்னைக் கேட்டார். கைகாட்டி இறங்கியிருந்தது என்று இங்கிலீசில் சொன்னேன். கைகாட்டிக்கு நின்ற மாரிமுத்து, இறங்கவில்லை என்று தமிழில் சொன்னான். துபாசி அதைச் சொல்லி முடிக்கமுன் துரை எழுதி முடித்துவிட்டார். மாரிமுத்துவுக்கு இரண்டு வருஷம் மறியல். எட்டாம் மாதம் சிறையிலேயே காய்ச்சலில் போனான். எனக்கு மெயில் வண்டி கிடைத்தது."

இதை வாசித்த அன்று நான் சமைக்கவில்லை.

தம்பி, அன்புராசாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினவர். பெட்டி சரிந்து ஒருவனுடைய கால் முறிந்தது. பாரத்தைக் கூட ஏற்றச் சொன்னது மேற்பார்வையாளன். பக்கத்தில் நின்று கேட்டவன் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். "நான் ஒண்டும் கேக்கேல்லை" என்று அவன் எழுதிக் கொடுத்தான். அதோடு இவருடைய வேலை போனது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் இந்த ஜன்னலில்தான் இருந்தார். பார்க்டேலில் நாங்கள் வந்திறங்கிய நாளில் கண்ட மனிசன் அதற்குப் பிறகு இல்லை.

ஆகவே இந்தப் பக்கத்தை நீ புத்தகத்தில் போடவேண்டும். பூட்டனாரைக் குறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் மாரிமுத்துவின் பெயர் வரவேண்டும்.

அன்பு அக்கா
குணவதி


கோண்டாவில்
02.07.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். இரண்டு கடிதமும் கிடைத்தன.

கண்ணை வருத்தி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். இனிப் போதும், இளைப்பாறுங்கள். அந்தப் பகுதியைப் பக்குவமாகப் பார்த்துச் செய்கிறேன். நேரம் தவறாதவர் என்று வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டை மட்டும் படம் எடுப்பித்து அனுப்பமுடியுமா?

மாம்பழம் இந்த வருஷம் குறைவு. வௌவால் வேறு.

அன்புத் தம்பி
இரத்தினவேல்


மல்வேர்ன்
25.07.2023

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ கேட்ட படத்தை றீற்றா தன் கைபேசியில் எடுத்து அச்சடித்துத் தந்தாள். இத்துடன் இருக்கிறது.

பக்குவமாக என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. போடுகிறாயா, இல்லையா? ஒரு வரியில் பதில் எழுது. மாரிமுத்து பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் நான் கேட்பது.

உன் மனிசியையும் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா
குணவதி


கோண்டாவில்
05.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? பதில் தாமதம், மன்னிக்கவேண்டும். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. இந்த மாதக் கடைசியில் கொழும்பில் வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு ஒரு மாதம் வாசிக்கவோ எழுதவோ கூடாதாம். ஆகையால் என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் யோசிக்கவேண்டாம். நீங்களும் சிரமப்பட்டு எழுதவேண்டாம்.

மண்டபத்துக்குக் கூரை போட்டாகிவிட்டது.

அன்புத் தம்பி
இரத்தினவேல்


மல்வேர்ன்
29.10.2023

இரத்தினவேல்,

உன் கண் வெட்டு பற்றின கடிதம் என் கையில் கிடைத்தது செப்டெம்பர் 27, புதன்கிழமை. அடுத்த நாளே இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போய், உன் கண்ணுக்காகத் தேங்காய் உடைத்தேன். அன்றைக்கு நீ ரூஜில், எங்கள் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் பிரவீனன் வீட்டில் இருந்திருக்கிறாய். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.

அந்தச் சனிக்கிழமை றீற்றா ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு பரிமாறப் போனாள். திரும்பி வந்து ஒரு புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். என் காதோடு வாய் வைத்து, "அக்கா, உங்கடை தம்பி வடிவாப் பேசினவர். நீங்கள் ஏன் வரேல்லை?" என்றாள். நான் தவறாகக் கேட்டேன் என்று நினைத்து, எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தாள். முதல் தாளில் உன் கையொப்பம், அன்றைய திகதியோடு.

நாற்பத்தேழாம் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. "மதுபோதையில் இருந்த கைகாட்டிக்காரன் ஒருவனின் கவனயீனத்தால் நேர்ந்த விபத்தில், சிதம்பரியர் தன் உயிரைப் பொருட்படுத்தாது பிரேக்கைப் பிடித்துப் பலரைக் காப்பாற்றினார்." குடித்திருந்தான் என்று கொப்பியில் எங்கே இருக்கிறது? பூட்டனார் கூட அதைச் சொல்லவில்லை. விசாரணையில், தன் வேலைக்குப் பயந்து நின்ற இடத்திலும் சொல்லவில்லை. நூற்று இருபத்தாறு வருஷம் கழித்து நீ சொல்லியிருக்கிறாய். மாரிமுத்து என்ற பெயரையும் எடுத்துவிட்டாய். முன்னுரையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு தகவலையும் மூலக் கொப்பியோடு ஒப்பிட்டு உறுதிசெய்தவர் ரொறன்ரோவில் வாழும் என் மூத்த சகோதரி என்று.

நீ போடாமல் விட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், பிறகு ஆறியிருப்பேன். என்னைச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறாய்.

அன்புராசாவின் வேலை போனபோது நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "கண்டதைக் கண்டேன் என்று சொல்லாதவனோடு ஒரு வாய் தண்ணியும் குடிக்கக்கூடாது அக்கா" என்று எழுதினாய். அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், உன்னைப்போல ஒளிக்கவில்லை. இங்கே நூலகத்தில் ஸ்டெபனி என்றொரு பிள்ளை வேலை செய்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தைத் தெளிவாகப் பிரதி எடுத்துத் தந்தாள். கீழே "இதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. நான் எதையும் உறுதிசெய்யவில்லை" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். கூட்டத்துக்குப் போனவர்களில் றீற்றாவுக்குத் தெரிந்த எல்லாருக்கும் கொடுத்தோம். ஒன்றை உங்கள் பள்ளிக்கூட அதிபருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கண் எப்படி என்று நான் கேட்கவில்லை.

குணவதி


கோண்டாவில்
10.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கண்ணில் ஒன்றுமில்லை. அது பொய். அங்கேயும் புத்தகத்தை வெளியிட, சங்கத்தின் ரொறன்ரோக் கிளை விமானச் சீட்டை அனுப்பியது. புத்தகம் அச்சாகிவிட்டது, அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்க முடியாது. வராமலும் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள், "அக்காவைப் பாக்கோணும்" என்று பிரவீனனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் கட்டடத்துக்கு முன்னால் காரை நிற்பாட்டினான். ஐந்தாம் மாடியில் ஒரு ஜன்னலில் நீங்கள் நின்றீர்கள். கதிரைத் துணியை உதறிக்கொண்டு நின்றீர்கள். நான் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். "என்ன பெரியப்பா, இறங்கேல்லையோ?" என்று கேட்டான். "அவ நித்திரைபோலை, திருப்பு" என்றேன்.

அதைவிட மோசமான ஒன்றைச் செய்துவிட்டேன். உங்கள் தாள் அதிபருக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில், எழுபது பேருக்கு முன்னால், அவர் அதை வாசித்தார். "சேர், இது உண்மையோ?" என்று கேட்டார். எனக்கு ஆம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. முன்வரிசையில் நான் படிப்பித்த பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது டொக்டர்மார், எஞ்சினியர்மார். "அக்காவுக்கு எழுபத்தாறு வயது. காது போட்டுது, இப்ப நினைவும் தடுமாறுது. அது பூட்டனாற்றை கையெழுத்தில்லை" என்றேன்.

ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. "பாவம், வயசு போனால் அப்பிடித்தான்" என்று தலைவர் சொன்னார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். திறப்பு விழா சித்திரை 20 என்று முடிவானது.

ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது அக்கா? பிள்ளைகள் இல்லை. சிதம்பரியரின் பூட்டப்பிள்ளை என்றுதான் இந்த எழுபது வருஷமும் என்னைத் தெரியும். அது உங்களுக்குச் செய்ததற்குக் காரணமாகாது என்று தெரியும். என்னை மன்னிக்கவேண்டும். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

இரத்தினவேல்


மல்வேர்ன்
04.02.2024

தம்பி இரத்தினவேலுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். நினைவும் சுகம்.

காருக்குள் இருந்தாய் என்று வாசித்தபோது எழும்பிப் போய் ஜன்னலால் பார்த்தேன். கீழே அந்த இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய கார் பனி மூடி நின்றது. நீ மேலே வந்திருந்தால், புத்தகத்தோடு வந்திருந்தாலும்கூட, உனக்கு முதலில் சாப்பாடு போட்டிருப்பேன். சண்டை அதற்குப் பிறகுதான். அது உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குப் பெரிய நோ.

எனக்குப் பைத்தியம் என்று எழுபது பேருக்குச் சொன்னாய். மன்னிப்பை ஒருத்திக்கு எழுதியிருக்கிறாய். பூட்டனாரும் அப்படித்தான். துரைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, முப்பது வருஷம் கழித்து, கொப்பியின் கடைசித் தாளுக்கு மற்றதைச் சொன்னார். அதனால் மாரிமுத்துவுக்கு ஒரு நாள் மறியல்கூடக் குறையவில்லை. அவருக்காவது, சொல்ல நினைத்த காலத்தில் கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை. உனக்கு எல்லாரும் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன்.

உன் கடிதத்தை நான் பிரதி எடுக்கமாட்டேன். றீற்றாவுக்கும் காட்டவில்லை. உன்னைப் பிடித்துக் கொடுப்பதற்காக நான் இதைத் தொடங்கவில்லை.

சித்திரை 20ஆம் திகதி அதே எழுபது பேரும் வருவார்கள். எழும்பி நின்று, அக்காவுக்கு நினைவு தடுமாறவில்லை என்று சொல். கைகாட்டி இறங்கவில்லை என்று சொல். மாரிமுத்து என்று பெயரைச் சொல். மண்டபத்துக்குப் பூட்டனாரின் பெயரே இருக்கட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. காணி அவருடையதுதான்.

சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன் எழுதவேண்டாம், எழுதினாலும் பிரிக்கமாட்டேன். கீழே போய்த் தபால்பெட்டியைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தமாட்டேன்.

உன் மனிசியைச் சுகம் கேட்டதாகச் சொல்.

அக்கா
குணவதி